நாற்றங்காலும் நாற்காலியும்: வேல்ஸின் இளம் எழுத்தாளர் தொகுப்புகளுக்கு ஓர் அறிமுகம்

வேல்ஷ் மொழியில் கவிதைத் தொகுப்புக்கு 'ப்ளொடெய்கெர்த்' என்று பெயர். 'ப்ளொடை' என்றால் பூக்கள், 'கெர்த்' என்றால் பாட்டு. பூக்களாலான பாட்டு என்று சொன்னாலும் சரி, பாட்டுகளாலான பூங்கொத்து என்று சொன்னாலும் சரி, வாசம் ஒன்றுதான். ஐரோப்பிய மொழிகள் பலவும் தொகை நூலுக்கு வைத்திருக்கும் சொல்லும் கிரேக்கர்களின் பூப்பறிப்பிலிருந்து வந்ததே. ஆனால் இளம் எழுத்தாளர்களின் புதிய படைப்புகளைத் திரட்டிய நூல் ஒன்றைக் கையில் எடுத்தால் எனக்கு நாற்றங்கால்தான் ஞாபகம் வரும். பூப்பறிப்பவர் மலர்ந்ததைப் பார்த்துப் பறிக்கிறார். நாற்று விடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. விதையை நெருக்கமாகத் தெளித்து, சில வாரம் தண்ணீர் கட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். அப்புறம் நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நட்டுவிடுவார்கள். அது கதிர் வைத்ததா இல்லையா என்பது நாற்றங்காலுக்குத் தெரியவே போவதில்லை.

அப்படி ஒரு வேல்ஷ் தொகுப்பை முதன்முறையாகப் பிரிப்பவருக்கு உள்ளே என்ன இருக்கும்? பத்துப் பதினைந்து பெயர்கள். ஒன்றுகூடக் கேள்விப்பட்டதாக இருக்காது. சில கவிதைகள், இரண்டு மூன்று சிறுகதைகள், ஒரு கட்டுரை, சில சமயம் நாடகத்தின் ஒரு காட்சி. பின்பக்கத்தில் ஆளுக்கு நான்கு வரியில் அறிமுகக் குறிப்பு. இதை எப்படி அணுகுவது என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. அதற்கு வேல்ஸைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பின்னணி இல்லாமல் படித்தால் அதை இங்கிலாந்தின் ஒரு மூலையில் வெளிவந்த இன்னொரு புத்தகம் என்று நினைத்துக் கடந்துவிடுவோம்.

முதலில் பெயர். 'வெல்ஷ்' என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு அந்நியன் என்று பொருள். வந்தவர்கள், இருந்தவர்களைப் பார்த்து அந்நியன் என்றார்கள். அந்த மக்கள் தங்கள் நாட்டைக் 'கம்ரி' என்றும் மொழியைக் 'கம்ரைக்' என்றும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லின் வேருக்கு ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள் என்று பொருள். ஒரே மக்களைக் குறிக்க 'அந்நியர்' என்று ஒரு சொல்லும் 'நம்மவர்' என்று ஒரு சொல்லும் இருப்பதால், இந்த இலக்கியத்தின் சண்டைகளில் பாதியை அந்த இரண்டு சொற்களிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது மொழிக் கணக்கு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸில் ஏறத்தாழ 31 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் வேல்ஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 5,38,000 பேர், அதாவது மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 சதவீதம். 2011இல் அது 19 சதவீதமாக இருந்தது. 2050க்குள் வேல்ஷ் பேசுவோரின் எண்ணிக்கையைப் பத்து லட்சமாக்குவது அரசின் அறிவிக்கப்பட்ட இலக்கு. ஆக, வேல்ஷில் எழுத உட்காரும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தன் வாசகர் உலகத்தின் உச்ச எல்லை எவ்வளவு என்று கிட்டத்தட்டத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதும் அவளுடைய பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்த எல்லை இல்லை. ஆனால் லண்டன் பதிப்பாளரின் மேசையில் அவன் ஆயிரத்தில் ஒருவன். யாருடைய நிலைமை மேல் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

எனவே தொகுப்பைத் திறந்ததும் எந்த மொழித் தொகுப்பு என்று பாருங்கள். முழுக்க வேல்ஷில் இருப்பவை ஒரு வகை, முழுக்க ஆங்கிலத்தில் இருப்பவை மற்றொரு வகை. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைப்பவை குறைவு. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வேல்ஷ் வகைக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது.

கழுத்தில் தொங்கிய மரத்துண்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸின் பள்ளிகள் சிலவற்றில் 'வெல்ஷ் நாட்' என்று ஒரு மரத்துண்டு இருந்தது. வகுப்பில் வேல்ஷ் பேசிவிட்ட குழந்தையின் கழுத்தில் அதை மாட்டுவார்கள். அடுத்த குழந்தை வேல்ஷ் பேசி அகப்பட்டால் மரத்துண்டு அந்தக் குழந்தைக்கு மாறும். மாலை மணி அடிக்கும்போது அது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவருக்கு அடி. குழந்தைகளே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கும்படி அமைந்த தண்டனை இது.

பாலா ஏரியின் தென்மேற்கு முனையிலுள்ள கிராமத்தில் 1858இல் பிறந்த ஓவன் மோர்கன் எட்வர்ட்ஸ் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றவர்களில் ஒருவர். பிற்காலத்தில் அந்த அனுபவத்தை எழுதியும் வைத்தார். ஆக்ஸ்போர்டில் ஆசிரியரானார். 1892இல் குழந்தைகளுக்காக வேல்ஷில் ஒரு மாத இதழ் தொடங்கினார். 'கம்ரியர் ப்லான்ட்', குழந்தைகளின் வேல்ஸ் என்று அர்த்தம். 1907இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராகவும் ஆனார். மரத்துண்டு சுமந்த பையன் எல்லாப் பள்ளிகளுக்கும் மேலதிகாரியாக வந்து உட்கார்ந்ததைக் கதையில் எழுதினால் நாடகத்தனம் என்பார்கள்.

1920இல் அவர் இறந்தபின் மகன் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் அந்த இதழை நடத்தினார். 1922 ஜனவரியில் அதன் பக்கத்தில் குழந்தைகளுக்கு ஓர் அழைப்பு விடுத்தார்: வேல்ஷ் பேசுவோம் என்று உறுதியெடுப்பவர்கள் சேர ஒரு சங்கம். அதன் பெயர் 'இர்த் கோபைத் கம்ரி', வேல்ஸின் நம்பிக்கைச் சங்கம். சுருக்கமாக 'இர்த்'. 1929இல் கார்வென் ஊரில் இர்த் தன் முதல் கலைவிழாவை நடத்தியது. 1939இல் இதே இவான், அபரிஸ்ட்வித் நகரில் ஏழே குழந்தைகளோடு வேல்ஷ் வழித் தொடக்கப்பள்ளி ஒன்றையும் தொடங்கினார்.

இன்றும் ஆண்டுதோறும் மே மாத இறுதி வாக்கில், ஓர் ஆண்டு வடக்கில், மறு ஆண்டு தெற்கில் என்று மாறி மாறி இர்த் விழா நடக்கிறது. பாட்டு, ஆட்டம், ஒப்புவித்தல் எல்லாம் மேடையில். எழுத்துப் போட்டிகளுக்குப் படைப்பை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். சின்னக் குழந்தைகள் முதல் 25 வயதுவரை கலந்துகொள்ளலாம். பெரியவர்கள் பிரிவில் மூன்று பெரும் பரிசுகள்: கவிதைக்கு நாற்காலி, உரைநடைக்குக் கிரீடம், நாடகத்துக்குப் பதக்கம். வென்றவை புத்தகமாக அச்சாகும். நாட்டின் இளம் எழுத்தாளர்களின் புதிய படைப்புகளைத் தொகுக்கும் வேலை வேல்ஷ் மொழியில் பல தலைமுறைகளாக இப்படித்தான் நடந்துவருகிறது. அங்கே ஓர் இளைஞரின் பெயர் முதன்முதலில் அச்சேறும் இடம் பெரும்பாலும் ஏதோ ஒரு போட்டித் தொகுப்பாகவே இருக்கும்.

நாற்காலியும் புனைபெயரும்

கவிதைக்கு நாற்காலியா என்று கேட்கலாம். 'எய்ஸ்டெத்வட்' என்ற விழாப் பெயரே உட்காருதல் என்ற சொல்லில் இருந்து வந்ததுதான். 1176இல் ரீஸ் அப் கிரிஃபித் என்ற சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் கவிஞர்களையும் இசைக்கலைஞர்களையும் போட்டிக்கு அழைத்து வென்றவர்களை நாற்காலியில் அமர்த்தினார். அதையே முதல் எய்ஸ்டெத்வட்டாகச் சொல்வது வழக்கம். இடையில் மங்கிப்போன மரபைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இயோலோ மோர்கானுக் தூக்கி நிறுத்தினார். மனிதர் மேதை; கூடவே பழங்காலக் கவிதைகளைத் தானே எழுதிப் பழையவை என்று நம்பவைத்த கில்லாடி. விழாவில் இன்றும் நீள அங்கியணிந்து ஊர்வலம் வரும் கவிஞர் குழு அவருடைய கற்பனைதான். 1792இல் லண்டனின் ஒரு குன்றின்மேல் அதன் முதல் கூட்டத்தை நடத்தினார். சரக்கு போலி என்று தெரிந்தபிறகும் நாடு அதைக் கைவிடவில்லை. அழகாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடக்கும் தேசிய எய்ஸ்டெத்வட்டும் சரி, இளைஞர்களின் இர்த் விழாவும் சரி, எழுத்துப் போட்டியில் ஒரு விதியைக் கறாராகப் பின்பற்றுகின்றன. படைப்பின்மீது சொந்தப் பெயர் இருக்கக் கூடாது. 'ஃபிகெனு', அதாவது பொய்ப்பெயர் ஒன்றைச் சூட்டி அனுப்ப வேண்டும். நடுவர்கள் அந்தப் பெயரை வைத்தே தீர்ப்பெழுதுகிறார்கள். வென்றவருக்கு ரகசியமாகத் தகவல் போய்விடும்; அவர் வீட்டாரைத் தவிர யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. விழா நாளில் அரங்கம் நிரம்பி உட்கார்ந்திருக்கும். நடுவர் தீர்ப்புரையைப் படித்து முடித்து, இன்ன புனைபெயருக்குரியவர் எழுந்து நிற்கட்டும் என்பார். ஊதுகொம்பு முழங்கும். விளக்கொளி கூட்டத்துக்கு மேல் அலைந்து தேடும். எங்கோ நடு வரிசையில் ஒருவர் எழுந்து நிற்பார். பக்கத்து இருக்கைக்காரருக்கு அப்போதுதான் தெரியும், இவ்வளவு நேரம் யாருடன் பேசிக்கொண்டிருந்தோம் என்று.

அந்தக் கணத்தில் யாரும் எழுந்து நிற்காத ஒரு நாளும் வந்தது. ட்ராவ்ஸ்வனித் கிராமத்துக்கு அருகே அர் அஸ்கூர்ன் பண்ணையில் ஆடு மேய்த்து வளர்ந்தவர் எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ். கவிஞராக அவர் பெயர் ஹெத் வின். முதல் நாற்காலியைப் பாலா நகரில் 1907இல் இருபது வயதில் வென்றிருந்தார். முதல் உலகப் போரில் படையில் சேர்க்கப்பட்டுப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். போகும்போதே தேசியப் போட்டிக்கான நெடுங்கவிதையை எழுதிக்கொண்டிருந்தார். 'ஃப்ளர் டி லிஸ்' என்ற புனைபெயரில் அதை அனுப்பியும் விட்டார். 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் பில்கெம் மேட்டில் நடந்த தாக்குதலில் இறந்தார். செப்டம்பரில் பிர்கன்ஹெட் நகரில் விழா. கொம்பு முழங்கியது, புனைபெயரை அழைத்தார்கள்; எவரும் எழவில்லை. பிறகுதான் மேடையிலிருந்து செய்தி சொல்லப்பட்டது. நாற்காலியின்மேல் கருப்புத் துணி போர்த்தினார்கள். அந்த நாற்காலியைச் செதுக்கியவரும் போரிலிருந்து தப்பி வந்த பெல்ஜிய அகதி ஒருவர். அது இன்று ஹெத் வின் வளர்ந்த அந்தப் பண்ணை வீட்டில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

தொகுப்பு படிக்க வந்தவருக்கு ஏன் இந்தக் கதை என்றால், வேல்ஷ் இளைஞர்களின் எழுத்தைப் போட்டி எப்படி வார்க்கிறது என்பது இதில் தெரிகிறது. பெயர் இல்லாத எழுத்து முதலில் வருகிறது. ஆள் பிறகுதான் வருகிறார். இருபது வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் நடுவர் மேசையில் ஒரே மாதிரியான தாள்கள். சின்ன நாடு என்பதால் நடையைப் பார்த்தே ஆளை ஊகித்துவிடுவார்கள் என்ற முணுமுணுப்பும் உண்டு. இருந்தாலும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு.

அந்த நெடுங்கவிதை எந்த இலக்கணத்தில் எழுதப்பட்டது என்பதையும் ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டும். 'கங்ஹானெத்' என்பது வேல்ஷ் மரபுக்கவிதையின் ஒலிக்கட்டு. சொல்லுக்கு ஒத்திசைவு என்று பொருள். வரிமுடிவில் இயைபு வைப்பதோடு வேலை முடியாது. ஒரே வரிக்குள்ளேயே ஒலிகள் ஒன்றுக்கொன்று ஒத்திசைய வேண்டும். இதில் நான்கு வகை. ஒரு வகையை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். அதில் வரியின் முதல் பாதியில் வரும் மெய்யொலிகள் அதே வரிசையில் இரண்டாம் பாதியிலும் திரும்ப வர வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழமொழி:

டேக் எட்ரிஹ் | டீயக் அட்ரெவ்

வீட்டுப் பக்கம் பார்ப்பது இனிது என்று பொருள். உயிரொலிகளை உதிர்த்துவிட்டுப் பாருங்கள். முதல் பாதியில் ட், க், ட்ர். இரண்டாம் பாதியிலும் ட், க், ட்ர். ஒவ்வொரு பாதியின் கடைசி மெய் மட்டும் கணக்கில் சேராது. மொத்தம் ஏழு அசைகள். அதற்குள் இத்தனை கட்டுப்பாடு, அப்படியும் பேச்சு வழக்குப்போல ஓடுகிறது. மோனையும் எதுகையும் படித்துப் பழகிய காதுக்கு இந்தக் கட்டின் சுகம் உடனே பிடிபடும். ஆங்கிலத்தில் பெயர்த்ததும் காணாமல் போவதும் இதுதான்.

இந்தக் கட்டில் 'எங்லின்' என்ற குறுங்கவிதை வடிவம் உண்டு. நான்கு வரி, முப்பது அசை. வானொலிப் போட்டிகளிலும் மதுக்கடை மேடைகளிலும் அணி பிரிந்து எங்லின் கட்டி மோதும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆகவே வேல்ஷ் தொகுப்பில் இருபத்தொரு வயதுக்காரர் ஒருவர் கைபேசியைப் பற்றி மரபு வடிவத்தில் எழுதியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நவீனம் என்றால் மரபை உதறுவது என்ற சமன்பாடு அங்கே செல்லாது. பழைய வடிவத்தை இளைஞர்கள் கையில் எடுப்பதே அங்கே கலகமாக இருந்திருக்கிறது. 1962 பிப்ரவரியில் நாடகாசிரியர் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் மொழியின் விதி பற்றி உரையாற்றினார். அதே ஆண்டு வேல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது. 1965இல் லிவர்பூலின் தண்ணீர்த் தேவைக்காக ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கபெல் கெலின் என்ற வேல்ஷ் கிராமம் அணைநீரில் மூழ்கியது. சாலைப் பலகைகளுக்குச் சாயம் பூசிச் சிறை சென்ற அந்தத் தலைமுறையில் கவிஞர்களும் இருந்தார்கள். 'ட்ரவெரினை மறவாதீர்' என்று சுவரில் எழுதிய வாசகம் இன்றும் சட்டைகளிலும் வண்டிகளிலும் ஒட்டப்படுகிறது.

ஆங்கிலத்தில் எழுதும் வேல்ஸ்

இதுவரை சொன்னது ஒரு பாதி. வேல்ஸில் பெரும்பான்மையோர் ஆங்கிலம் பேசுகிறார்கள், அதிலேயே எழுதுகிறார்கள். டிலன் தாமஸ் 1914இல் ஸ்வான்சீ நகரில் பிறந்தார். தாய், தகப்பன் இருவருக்கும் வேல்ஷ் தெரியும்; மகனுக்குத் தெரியாது. தகப்பனார் பள்ளியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். மகனின் நடுப்பெயர் மார்லைஸ், வேல்ஷில் கவிதை எழுதிய உறவினர் ஒருவரின் புனைபெயரிலிருந்து எடுத்தது. மொழியைக் கொடுக்காமல் பெயரை மட்டும் கொடுத்த அந்த வீட்டில் ஒரு தலைமுறையின் கதையே இருக்கிறது. பதினாறு வயதில் பள்ளியை விட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபரானார். வீட்டுச் சின்ன அறையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். இருபது வயதில், 1934 டிசம்பரில், முதல் கவிதை நூல் வந்துவிட்டது. பிற்காலத்தில் வெளியிட்ட கவிதைகளில் பலவற்றின் முதல் வடிவம் அந்தப் பதின்வயது நோட்டுகளில் இருந்தது. 39 வயதில் இறந்தார்.

அந்த 39 என்ற எண் வயது விவகாரத்தில் திரும்ப வருகிறது. ஸ்வான்சீ பல்கலைக்கழகம் அவர் பெயரில் வழங்கும் பரிசுக்கு 39 வயதுவரை உள்ளவர்கள் போட்டியிடலாம். அவர் வாழ்ந்த வயது அவ்வளவுதான் என்பதே காரணம். 2006இல் முதல் பரிசைப் பெற்றவர் ரோன்டா பள்ளத்தாக்கைச் சேர்ந்த ரேச்சல் ட்ரெசைஸ், ஒரு சிறுகதைத் தொகுப்புக்காக. இர்த்தின் கணக்கில் இளமை 25இல் முடிகிறது, இங்கே 39 வரை நீள்கிறது. தொகுப்பின் அட்டையில் 'இளம்' என்று போட்டிருந்தால் பின்பக்கம் திருப்பி எந்த இளமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதுக்காரரின் கதையையும் மூன்று புத்தகம் போட்ட முப்பத்தெட்டு வயதுக்காரரின் கதையையும் ஒரே தட்டில் நிறுப்பது நியாயமில்லை.

ஆங்கிலத்தில் எழுதுவோரை ஒரு காலத்தில் 'ஆங்கிலோ வெல்ஷ்' என்றார்கள். பாதி ஆங்கிலேயர் என்று ஒலித்ததால் பலருக்கு அது பிடிக்கவில்லை. இப்போது 'ஆங்கிலத்தில் வேல்ஷ் எழுத்து' என்று சுற்றிவளைத்துச் சொல்கிறார்கள். பெயர் கூர்மையாக இல்லை, ஆனால் யாரையும் குத்தவும் இல்லை.

இதோடு ஒட்டியது யார் வேல்ஷ் எழுத்தாளர் என்ற கேள்வி. அங்கே பிறந்தவரா, அங்கே வாழ்பவரா, பாட்டி அந்த ஊர்க்காரி என்பவரா? பெரும்பாலான தொகுப்பாசிரியர்கள் பிறப்பு, வசிப்பு, வளர்ப்பு மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று கதவைத் திறந்து வைக்கிறார்கள். கார்டிஃப் துறைமுகப் பகுதியில் சோமாலியரும் ஏமனியரும் மேற்கிந்தியரும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறார்கள். 2022இல் வேல்ஸின் தேசியக் கவிஞராகப் பொறுப்பேற்ற ஹனான் இஸ்ஸா வேல்ஷ்–இராக்கியப் பின்னணி கொண்டவர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் முஸ்லிம். அண்மைத் தொகுப்புகளில் உயிருள்ள எழுத்து அதிகம் வருவது இந்த ஓரங்களிலிருந்துதான் என்பது என் அபிப்பிராயம். மலை, மழை, சுரங்கம், ஏக்கம் என்று வழக்கமான தடத்தில் போகும் கதைகள் எத்தனை நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் மூன்றாவதிலேயே கொட்டாவி வந்துவிடுகிறது. குறிப்பாக 'ஹிராய்த்' என்ற சொல். வீட்டையும் இழந்ததையும் எண்ணி ஏங்குதல் என்று அர்த்தம், நல்ல சொல்தான். சுற்றுலாக் கடைகளில் தேநீர்க் கோப்பையில் அச்சடித்து விற்கும் அளவுக்கு அதைத் தேய்த்துவிட்டார்கள். அந்தச் சொல் இல்லாமல் அந்த உணர்வை எழுதியிருக்கும் இளைஞரைக் கண்டால் அவருடைய பெயரைக் குறித்து வைத்துக்கொள்வேன்.

இரு மொழியும் எதிரெதிராக வரும் தொகுப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். அதைப் படிக்கும்போது வேல்ஷ் இருக்கும் பக்கத்தை முழுவதும் தாவிவிடாதீர்கள். புரியாவிட்டாலும் கண்ணை ஓட்டுங்கள். வரி நீளம், திரும்ப வரும் எழுத்துகள் தெரியும். வேல்ஷில் சொல்லின் முதல் எழுத்தே இடத்துக்குத் தக்கபடி மாறும். பூனைக்கு 'காத்' (வல்லின க). என் பூனை என்றால் 'வங் ஙாத்'. அவனுடைய பூனைக்கு முதல் ஒலி மெலிந்த 'க' ஆகிறது. அவளுடைய பூனைக்கு அதே இடத்தில் தொண்டையில் உரசும் 'ஹ' வருகிறது. அவனுடைய, அவளுடைய இரண்டுக்கும் முன்னால் நிற்கும் சொல் ஒன்றுதான். பூனையின் முதல் ஒலியை வைத்துத்தான் ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்கிறோம். இப்படிப்பட்ட மொழியில் ஒரு கவிஞர் காதலர் யார் என்பதை ஒரே எழுத்தில் மறைக்கலாம் அல்லது வெளிப்படுத்தலாம். மொழிபெயர்ப்பாளர் அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

எதற்கு இந்தப் பாடு என்று மறுத்தவர்களும் உண்டு. டூம் மோரிஸ் என்ற கவிஞர் தம் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். ஆங்கிலம் தெரிந்த அண்டை வீட்டுக்காரர் வேல்ஷ் கற்கத் தேவையில்லாமல் போய்விடும் என்ற கோபம் இப்படிப்பட்ட மறுப்புகளில் இருக்கிறது. மறுபக்கம் மானன் ஸ்டெஃபன் ரோஸ். 2018 தேசிய விழாவில் உரைநடைப் பதக்கம் வென்ற அவருடைய நாவல், அவரே ஆங்கிலத்தில் பெயர்த்தபின் 2023இல் சிறார் நூல்களுக்கான கார்னகி பதக்கம் பெற்றது. மொழிபெயர்ப்பு நூல் ஒன்று அந்தப் பதக்கத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. புனைபெயரில் அனுப்பிய தாள்களிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. எனக்கு இரண்டு பேரின் நியாயமும் புரிகிறது. வாசகனாக இரண்டாமவருக்குத்தான் நன்றி சொல்ல முடியும்.

யார் அச்சிடுகிறார்கள்?

சின்னச் சின்னப் பதிப்பகங்கள்தான். ஆங்கிலத்தில் 'செரன்', வேல்ஷில் நட்சத்திரம் என்று பொருள். 'பார்த்தியன்' 1993இல் தொடங்கியது. அபரிஸ்ட்வித்தில் 'ஹோனோ', 1986 முதல் பெண்களின் எழுத்தை வெளியிடும் பதிப்பகம். வேல்ஷ் நூல்களுக்கு 1967இல் தொடங்கிய 'அ லோல்வா' போன்றவை. விற்பனையை மட்டும் நம்பி இளைஞர் தொகுப்பு போட்டால் எந்தப் பதிப்பகமும் தாங்காது. 1961இல் உருவான வேல்ஸ் புத்தகக் கவுன்சில் பொதுப்பணத்திலிருந்து மானியம் கொடுக்கிறது, விநியோகமும் செய்கிறது. எழுதப் பழக இடமும் உண்டு. லானஸ்டம்டுவி கிராமத்தில், பிரதமராக இருந்த லாய்டு ஜார்ஜ் கடைசியாக வாழ்ந்த வீடு 1990 முதல் எழுத்தாளர் பயிலகமாக இயங்குகிறது. 'டீ நெவித்', புது வீடு என்று பெயர். கட்டடமோ பல நூற்றாண்டுப் பழசு.

மானியத்துக்கும் பயிலகத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒரே பட்டறையில் ஒரே ஆசிரியரிடம் பழகியவர்கள் ஒரே மாதிரி முடிப்பார்கள்: கதவு பாதி திறந்திருக்கும், மழை பெய்யும், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். போட்டிக்குத் தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னால் சிலவற்றில் வீட்டுப்பாட வாடை அடிக்கும். தொகுப்பில் மூன்றில் ஒன்று தேறினால் அது நல்ல தொகுப்பு என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. நாற்றங்காலில் எல்லா நாற்றும் பயிராக வேண்டும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்?

படிக்கும் முறையில் ஒரு யோசனை. முன்னுரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொகுப்பாசிரியர் அதில் எல்லோரையும் ஒரே நூலில் கோர்க்கப் பாடுபட்டிருப்பார். அந்தக் கோர்வை பெரும்பாலும் அச்சுக்குப் போகும் வாரத்தில் கண்டுபிடித்தது. பின்பக்க அறிமுகக் குறிப்புகளையும் தொடவேண்டாம். நடுவில் எங்காவது பிரித்து, பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு கதையையோ கவிதையையோ படியுங்கள். ஃபிகெனு விதியை நாமும் ஒருமுறை கடைப்பிடித்ததாக இருக்கட்டும். பிடித்திருந்தால் பிறகு யார், எந்த ஊர், என்ன வயது என்று பாருங்கள். எழுதியவர் வடமேற்கின் வேல்ஷ் பேசும் கிராமத்திலிருந்து வந்தவரா, தெற்கின் சுரங்கப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவரா என்பது தெரிந்ததும் அதே பக்கம் வேறு மாதிரி படிக்கும்.

தேசிய விழா நடக்கும் வாரத்திலேயே அந்த ஆண்டின் 'படைப்புகளும் தீர்ப்புரைகளும்' என்ற நூல் விற்பனைக்கு வந்துவிடும். திடலில் நாற்காலி விழா முடிந்ததும் ஆட்கள் அதை வாங்கிக்கொண்டு புல்வெளியிலேயே உட்கார்ந்து புரட்டுவார்கள். அதில் வென்ற படைப்புகளோடு, தோற்றவர்களைப் பற்றி நடுவர்கள் எழுதியவையும் அச்சாகியிருக்கும். இன்னாருக்குக் காது இருக்கிறது, பொறுமை இல்லை. இன்னாருடைய மூன்றாம் பகுதி அருமை, முடிவில் வழுக்கிவிட்டார் என்ற ரீதியில் ஓடும். ஒருவரும் தகுதி பெறவில்லை என்று பரிசை நிறுத்தி வைத்த ஆண்டுகளும் உண்டு. அப்போது நூலில் அந்தப் போட்டிக்குரிய பக்கங்களில் தோற்றவர்கள் மட்டுமே இருப்பார்கள். எல்லாம் புனைபெயர்களில். பறவை ஒன்று, ஆறு ஒன்று, பாட்டியின் செல்லப்பெயர் ஒன்று. அவர்கள் யார் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. அவர்களில் ஒருவர் அந்தப் புல்வெளியில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பருக்குத் தெரியாமல், தன்னைப் பற்றிய பத்தியைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.